காமின் சாபம்: எட்டு வசனங்களில் இல்லாத நிறம்

"கறுப்பர்கள் நோவாவின் மகனான காமின் வம்சம். காம் சபிக்கப்பட்டவன். ஆகவே அவர்கள் அடிமைகளாக இருப்பது கடவுளின் சித்தம்." இந்த மூன்று வாக்கியங்களும் அமெரிக்க அடிமை முறையின் காலம் முழுவதும் பிரசங்க மேடைகளிலும் அரசியல் மேடைகளிலும் ஒலித்தன. சொன்னவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். எபிரேயமும் கிரேக்கமும் படித்த போதகர்கள் அவர்களில் பலர். இந்த வாதத்தைக் 'காமின் சாபம்' என்பார்கள். மூன்றில் முதல் வாக்கியத்துக்குப் பைபிளில் அரைகுறை ஆதாரம் உண்டு. இரண்டாவது பைபிளில் இல்லவே இல்லை. மூன்றாவது, முதல் இரண்டும் உண்மையாகவே இருந்தாலும் அவற்றிலிருந்து கிடைக்காது.

மதநூல் எப்படி இனவெறிக்குச் சாட்சியாகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மூலம் மிகச் சிறியது. எந்த இடத்தில் எது ஒட்டப்பட்டது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

முதலில் வசனம்

பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் (கத்தோலிக்கப் பதிப்பில் தொடக்கநூல்) ஒன்பதாம் அதிகாரம், 20 முதல் 27 வரை. உலகை அழித்த வெள்ளம் வடிந்துவிட்டது, பேழை என்ற பெரிய மரக்கலத்தில் தப்பிய நோவாவும் குடும்பமும் கரையேறிவிட்டார்கள். நோவா திராட்சைத் தோட்டம் போடுகிறார், திராட்சை மது குடிக்கிறார், போதையில் கூடாரத்துக்குள் ஆடை விலகிக் கிடக்கிறார். காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே நின்ற சகோதரர் இருவரிடமும் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் ஒரு துணியைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி பின்புறமாகவே நடந்து போய்த் தகப்பனை மூடுகிறார்கள். போதை தெளிந்த நோவா விஷயம் அறிந்து சொல்வது இதுதான்: கானான் சபிக்கப்பட்டவன், தன் சகோதரருக்கு அடிமைகளுக்கு அடிமையாக இருப்பான். அடுத்து சேமுடைய கடவுளுக்கு ஸ்தோத்திரம், யாப்பேத்துக்குப் பெருக்கம். இருவருக்கும் கானான் அடிமை.

கானான் யார்? காமின் மகன், நோவாவின் பேரன். பார்த்தவன் காம், சாபம் வாங்கியவன் கானான். கானான் அந்த இடத்தில் இருந்தானா என்பதுகூடக் கதையில் இல்லை. இந்தப் பொருத்தமின்மை இரண்டாயிரம் ஆண்டுகளாக உரையாசிரியர்களை உறுத்தியிருக்கிறது. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் கடவுள் நோவாவையும் அவன் மகன்களையும் ஆசீர்வதித்துவிட்டார், கடவுள் ஆசீர்வதித்தவனை மனிதன் சபிக்க முடியாது, அதனால்தான் சாபம் பேரனுக்குப் போயிற்று என்று சில யூத ரப்பிகள் சமாதானம் சொன்னார்கள். சமாதானம் திருப்தியாக இருக்கிறதோ இல்லையோ, அதற்குள் ஒரு முக்கியமான ஒப்புதல் இருக்கிறது: காம் சபிக்கப்படவில்லை.

இனி, இல்லாதவற்றைப் பார்ப்போம். சாபமிட்டவர் கடவுள் அல்ல, தூங்கி எழுந்த ஒரு மனிதர். கடவுள் அதை ஆமோதித்ததாக ஒரு சொல் இல்லை. தோல், நிறம், கறுப்பு என்ற சொற்கள் எட்டு வசனங்களில் எங்கும் இல்லை. கானானின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும், இத்தனை தலைமுறை நீடிக்கும் என்றும் சொல்லப்படவில்லை.

அடுத்த அதிகாரம், அதாவது பத்தாவது, பெயர்ப் பட்டியல். சலிப்பாக இருக்கும் என்று வாசகர்கள் தாண்டிப் போகிற பகுதி. ஆனால் இந்த வாதம் உடைவது அங்கேதான். காமுக்கு நான்கு மகன்கள்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவும் எத்தியோப்பியாவும் சேர்ந்த பகுதி. மிஸ்ராயீம் எகிப்து. பூத் பொதுவாக லிபியா எனக் கொள்ளப்படுகிறது. கானான் இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம், லெபனான் பகுதி. பைபிளின் கணக்குப்படியே பார்த்தாலும் கறுப்பினத்தவர் கூஷின் வழிவந்தவர்கள். கூஷ் சபிக்கப்படவில்லை. சபிக்கப்பட்ட கானானின் மக்கள் கறுப்பர்கள் அல்லர். அவர்கள் எபிரேயத்துக்கு மிக நெருங்கிய மொழி பேசிய பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அப்படியானால் இந்தக் கதை எதற்காக எழுதப்பட்டது? கானான் நாட்டை இஸ்ரவேலர் கைப்பற்றியதற்கு ஒரு முன்கதையாக என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மொழியால் நெருங்கிய கானான், பட்டியலில் எகிப்துக்குத் தம்பியாக ஏன் வந்தது? கானான் நாடு நெடுங்காலம் எகிப்தின் ஆளுகைக்குள் இருந்தது. பட்டியல் அன்றைய அரசியல் வரைபடம், ரத்தப் பரிசோதனை அல்ல. இதை ரத்தப் பட்டியலாக வாசிக்கும் பழக்கம் மதத்தோடும் நிற்கவில்லை. எபிரேயம், அரபு போன்றவற்றைச் 'செமிட்டிக் மொழிகள்' என்று இன்றும் மொழியியலில் சொல்கிறோமே, அந்தப் பெயர் 1781-இல் சேமிடமிருந்து எடுத்துச் சூட்டப்பட்டது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1792-இல் உலக மக்களை நோவாவின் மூன்று மகன்களுக்கும் பங்கிட்டபோது இந்தியர்களைக் காமின் கணக்கில் வைத்தார். அந்த வரைபடத்தில் நாமும் காமின் பிள்ளைகள்தாம்.

நிறம் எப்படி உள்ளே வந்தது

காம் என்ற பெயருக்கு எபிரேயத்தில் 'சூடு' அல்லது 'கருமை' என்று பொருள் என்பது நெடுநாள் நம்பிக்கை. பழைய எபிரேயத்தில் ஒரே எழுத்து இரண்டு வேறு ஒலிகளைக் குறித்தது. ஒன்று அழுத்தமான 'ஹ', மற்றது தொண்டையில் உரசும் 'க்ஹ'. சூட்டையும் கருமையையும் குறிக்கும் வேர்ச்சொற்களில் வருவது முதல் ஒலி. பெயரில் இருப்பது இரண்டாவது ஒலி. இது எப்படித் தெரியும்? எபிரேய எழுத்தில் பேதம் தெரியாவிட்டாலும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் தெரிகிறது. அது உரசொலியைத் தனி எழுத்தால் குறித்தது, மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. காமின் பெயரை உரசொலி எழுத்தோடுதான் எழுதியிருக்கிறது. ஆக, பெயர்ப் பொருள் என்பது பிற்காலத்தவர் எழுத்தொற்றுமையைப் பார்த்துச் செய்த ஊகம்.

யூத ரப்பிகளின் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய பாபிலோனியத் தல்மூதில், பேழைக்குள் விலக்கை மீறியதற்காகக் காம் 'தோலில் தண்டிக்கப்பட்டான்' என்று ஒரு வரி உண்டு. அது சாபக் கதையே அல்ல, வேறு கதை. அதில் அடிமைத்தனமும் இல்லை. எட்டாம் நூற்றாண்டிலிருந்து அரபு எழுத்துகளில் இரண்டும் ஒன்றாகக் கலக்கத் தொடங்கின: காம் வெள்ளையாக இருந்தான், சாபத்தால் அவனும் சந்ததியும் கறுத்தார்கள் என்று. குர்ஆனில் இந்தக் கதை கிடையாது. நிறங்களும் மொழிகளும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்று என்றே குர்ஆன் (30:22) சொல்கிறது. ஆனாலும் கதை பரவியது. காரணம் நூலில் இல்லை, சந்தையில் இருந்தது. அந்த நூற்றாண்டுகளில் சகாரா பாலைவனத்தைக் கடந்து ஆப்பிரிக்க அடிமைகள் வடக்கே கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

முஸ்லிம் அறிஞர்களே இதை மறுத்தும் இருக்கிறார்கள். 1377-இல் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன், தோராவில் (யூத வேதத்தில்) சாபம் உண்டு, நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, தெற்கத்திய மக்களின் கருமைக்குக் காரணம் வெயில் என்று தெளிவாக எழுதினார். (அதே நூலில் வேறோரிடத்தில் கறுப்பினத்தவரை மிக இழிவாகவும் எழுதினார். ஒரு பொய்க்காரணத்தை மறுப்பவர் வெறுப்பிலிருந்து விடுபட்டவர் என்று எண்ணிவிடக் கூடாது.) மேற்கு ஆப்பிரிக்க நகரமான திம்புக்டுவைச் சேர்ந்த மார்க்க அறிஞர் அகமத் பாபா, தானே மொராக்கோப் படைகளால் சிறைபிடிக்கப்பட்டு மராகேஷுக்குக் கொண்டு போகப்பட்டவர். 1615-இல் அவர் எழுதிய மார்க்கத் தீர்ப்பில் காம் கதையைத் தள்ளுபடி செய்து, ஒருவரை அடிமையாக்க நிறம் காரணமாகாது, இறைமறுப்பு மட்டுமே காரணமாகலாம் என்றார். அடிமை முறையை அவர் எதிர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறத்தை மட்டுமே பட்டியலிலிருந்து எடுத்தார்.

ஐரோப்பாவில் இதே வசனம் செய்த வேலை இன்னும் விசித்திரமானது. அங்கே நெடுங்காலம் காமின் சந்ததி என்று சொல்லப்பட்டவர்கள் ஐரோப்பியக் குடியானவர்கள். 12-ஆம் நூற்றாண்டின் சமய எழுத்தாளர் ஹொனோரியுஸ் சேமிலிருந்து சுதந்திர மக்களும், யாப்பேத்திலிருந்து போர்வீரர்களும், காமிலிருந்து பண்ணையடிமைகளும் வந்ததாகப் பங்கு போட்டார். உழைப்பவன் வெள்ளையாக இருந்தபோது சாபம் வெள்ளையாக இருந்தது.

1444 ஆகஸ்ட் 8 அன்று போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்க அடிமைகள் இறக்கப்பட்டுப் பங்கிடப்பட்டார்கள். அரசவை வரலாற்றாசிரியர் சூராரா சில ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பயணங்களை எழுதும்போது நோவாவின் சாபத்தை இழுத்தார். ஆனால் சபிக்கப்பட்ட மகனின் பெயரைக் காயீன் என்று எழுதிவிட்டார். காயீன் ஆதாமின் மகன், ஆபேலைக் கொன்றவன், நோவாவுக்கு எத்தனையோ தலைமுறை முந்தியவன். அடிமைகளைக் கரையில் இறக்கியாயிற்று, வசனம் பிறகு தேடப்படுகிறது, தேடுகிற அவசரத்தில் ஆளே மாறிவிடுகிறான். வரிசை இதுதான் என்பதற்கு இந்த ஒரு பிழையே போதும்.

காயீனை இழுப்பவர்கள் பின்னாளிலும் உண்டு. காயீனுக்குக் கடவுள் போட்ட 'அடையாளம்' கறுப்புத் தோல் என்பார்கள். ஆதியாகமம் 4:15-இல் அந்த அடையாளம் அவனை யாரும் கொன்றுவிடாதபடி போடப்பட்ட காப்பு. கதைப்படி காயீனின் வம்சம் வெள்ளத்தில் அழிந்தும் போயிற்று. ஆனாலும் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையில் கறுப்பினத்தவருக்கு ஆசாரியப் பட்டம் மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. 1852-இல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட அந்தத் தடை 1978 ஜூன் வரை இருந்தது.

ஞானஸ்நானத்தால் கழுவ முடியாத காரணம்

காமின் சாபம் அமெரிக்காவில் மட்டும் ஏன் அவ்வளவு வலுப்பெற்றது? ஞானஸ்நானம் உண்டாக்கிய சிக்கல் இதில் பெரும்பங்கு வகிக்கிறது.

15-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கர்களை அடிமையாக்கச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பது. 1452-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் போர்ச்சுகல் மன்னருக்குக் கொடுத்த ஆணையும் இந்த அடிப்படையில் இருந்தது. இந்தக் காரணத்தில் ஓர் ஓட்டை உண்டு. அடிமை ஞானஸ்நானம் பெற்றுவிட்டால்? வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்ற பெண், தன் தகப்பன் ஆங்கிலேயர், தான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள் என்று வாதாடி 1656-இல் விடுதலை பெற்றார். பண்ணை முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். 1662-இல் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் வந்தது. 1667-இல் ஞானஸ்நானம் ஒருவரின் அடிமை நிலையை மாற்றாது என்று இன்னொரு சட்டம்.

சட்டம் ஓட்டையை அடைத்துவிட்டது, மனசாட்சிக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பக்கத்தில் முழங்காலிட்டு அதே ஜெபத்தைச் சொல்கிறவன் ஏன் அடிமை? மதம் மாறினாலும் மாறாத காரணம் வேண்டும். பிறப்போடு வர வேண்டும், பிள்ளைக்கும் போக வேண்டும், பார்த்தவுடன் தெரிய வேண்டும். காமின் சாபம் மூன்றுக்கும் பொருந்தியது. அதோடு அது பைபிளிலிருந்து வந்தது, ஆகவே கேள்வி கேட்பவர் பைபிளையே கேள்வி கேட்பவர் ஆனார்.

இங்கே ஒரு குழப்பத்தைப் பிரித்துவிட வேண்டும். அடிமை முறையை ஆதரித்தவர்களிடம் இரண்டு தனித்தனி வாதங்கள் இருந்தன. ஒன்று, பைபிள் அடிமைகளை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது என்பது. இதற்கு மெய்யாகவே வசனங்கள் உண்டு. லேவியராகமம் 25:44-46 அந்நிய ஜனங்களிடமிருந்து அடிமைகளை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாக விட்டுச்செல்ல இடம் கொடுக்கிறது. எபேசியர் 6:5 அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. ஆதிக் கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுல், ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமானான பிலேமோனிடமே கடிதத்தோடு திருப்பி அனுப்பினார். இவற்றை மழுப்பிவிட முடியாது. ஆனால் இவை எதுவும் கறுப்பர்களைப் பற்றியவை அல்ல. ரோமப் பேரரசில் அடிமை கிரேக்கனாகவும் இருப்பான், சிரியனாகவும் இருப்பான். ஆகவே இந்த வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டால் வெள்ளைக்காரனையும் அடிமையாக்கலாம் என்று ஆகிவிடும். அந்த இடைவெளியில் பாலம் போடத்தான் இரண்டாவது வாதம், காமின் சாபம். அடிமை முறை கூடும் என்பதற்குப் பவுல், கறுப்பர்களுக்கு மட்டும் என்பதற்கு நோவா.

முதல் வாதத்துக்குள்ளும் தேர்ந்தெடுப்பு இருந்தது. உபாகமம் 23:15, எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையை அவனிடம் திருப்பி ஒப்படைக்கக் கூடாது என்கிறது. 1850-இல் அமெரிக்கக் காங்கிரஸ் கொண்டுவந்த சட்டம், தப்பி வந்தவரைத் திருப்பி ஒப்படைத்தே ஆக வேண்டும் என்றது. எழுத்துக்கு எழுத்து பைபிளைப் பின்பற்றுவதாகச் சொன்ன தென்மாநிலப் போதகர்கள் உபாகமத்தை விட்டுவிட்டுப் பிலேமோனுக்குப் போனார்கள்.

இந்த வாதத்தை உடைக்கத் தற்கால ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. 1700-லேயே பாஸ்டன் நீதிபதி சாமுவேல் சிவால் ஒரு சிறு துண்டுப் பிரசுரத்தில் உடைத்துவிட்டார். (பாஸ்டனுக்கு அருகே உள்ள சேலம் என்ற ஊரின் சூனியக்காரி வழக்குகளில் தண்டனை கொடுத்த நீதிபதிகளில் ஒருவர் அவர், பிறகு தேவாலயத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டவர்.) சபிக்கப்பட்டவன் கானான், கறுப்பர்கள் கூஷின் வழியினர், அப்படியே சாபம் இருந்தாலும் அதை நிறைவேற்றும் உத்தரவு உங்களுக்கு யார் கொடுத்தது, அது எப்போதோ காலாவதியாகிவிடவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆளைத் திருடி விற்பவன் கொல்லப்பட வேண்டும் என்ற யாத்திராகமம் 21:16-ஐயும் எடுத்துக் காட்டினார். மறு ஆண்டே இன்னொரு நீதிபதி மறுப்பு எழுதினார். அடிமை முறை மேலும் 165 ஆண்டுகள் நடந்தது.

அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வேறு பக்கத்திலிருந்து அடித்தார். பண்ணைகளில் அடிமைப் பெண்களுக்கு வெள்ளை முதலாளிகளால் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. டக்ளஸே அப்படிப் பிறந்தவர் என்பது ஊர்ப்பேச்சு. காமின் நேர்வழிச் சந்ததி மட்டும்தான் வேதப்படி அடிமை என்றால், தென்மாநில அடிமை முறை சீக்கிரமே வேதவிரோதம் ஆகிவிடும் என்றார். சட்டம் பிள்ளையைத் தாயின் கணக்கில் எழுதியது. பைபிளின் வம்ச அட்டவணையோ தகப்பன் வழியில் எண்ணுகிறது. ஐரோப்பியர் யாப்பேத்தின் சந்ததி என்பதே அவர்கள் நம்பிக்கை, அந்தக் கணக்கில் முதலாளியின் பிள்ளை யாப்பேத்தின் வம்சம்.

அதே 1845-இல்தான், அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற தகராறில் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பிளந்து தென்பகுதி பாப்டிஸ்ட் மாநாடு உருவானது. அது அடிமை முறைக்குத் தான் கொடுத்த ஆதரவுக்கு மன்னிப்புக் கேட்டது 1995-இல், சரியாக 150 ஆண்டுகள் கழித்து. 1861 மார்ச் 21 அன்று அடிமை முறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் சவானாவில் பேசிய உரையில், கறுப்பர் 'இயற்கையாலோ கானான் மீதான சாபத்தாலோ' அந்த நிலைக்கு ஏற்றவர் என்றார். அந்த 'ஓ' கவனிக்கத் தக்கது. மண்டையோட்டை அளந்து இனத் தரம் சொல்லும் 'விஞ்ஞானம்' அப்போது வந்துவிட்டது. காரணம் எதுவாக இருந்தாலும் அவருக்குச் சரி, முடிவு மாறாமல் இருந்தால் போதும். அவர் காம் என்று சொல்லாமல் கானான் என்று சரியாகச் சொன்னார் என்பதும் உண்மை. வசனத்தைச் சரியாகப் படித்தும் தவறான இடத்துக்குப் போகலாம்.

வெட்டியும் பாதியில் நிறுத்தியும்

சேர்ப்பது ஒரு வழி என்றால், எடுப்பது இன்னொரு வழி. 1807-இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்று பைபிளின் 'தேர்ந்தெடுத்த பகுதிகள்' அச்சிடப்பட்டன. இப்போது 'அடிமைப் பைபிள்' என்று அழைக்கிறார்கள். புராட்டஸ்டன்ட் பைபிளில் 1,189 அதிகாரங்கள். இதில் 232. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் பாதியும் இல்லை. எகிப்தில் யோசேப்பு அடிமையாகக் கீழ்ப்படிந்து உயர்ந்த கதை இருந்தது. அதே எகிப்திலிருந்து மோசே அடிமைகளை விடுவித்துக் கூட்டிச் சென்ற கதை இல்லை. எபேசியர் 6:5 இருந்தது. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிற கலாத்தியர் 3:28 இல்லை. தனக்குச் சாதகமாக மட்டுமே பைபிள் பேசுகிறது என்று முதலாளி வர்க்கம் மனதார நம்பியிருந்தால் கத்தரிக்கோல் எதற்கு?

கத்தரிக்கோல் இல்லாமலே வெட்டலாம் என்பதற்கு அப்போஸ்தலர் 17:26 சாட்சி. ஏதென்ஸில் பவுல் பேசும் ஒரே வாக்கியம் அது. முற்பாதி: கடவுள் எல்லா ஜனங்களையும் ஒரே இரத்தத்தினாலே தோன்றச் செய்தார். பிற்பாதி: அவர்கள் குடியிருப்பின் எல்லைகளைக் குறித்தார். அடிமை ஒழிப்புக்காரர்கள் முற்பாதியோடு நிறுத்தினார்கள். இனப் பிரிவினைக்காரர்கள் பிற்பாதியில் தொடங்கினார்கள். 1960 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறன்று, அமெரிக்கப் போதகர் பாப் ஜோன்ஸ் சீனியர் தன் வானொலிப் பிரசங்கத்தில் இனப் பிரிவினை வேதப்படியானது என்று வாதாட இந்த வசனத்தைத்தான் எடுத்தார். அவர் நிறுவிய பல்கலைக்கழகம் இனம் கடந்த காதலுக்குப் போட்டிருந்த தடையை, வரிவிலக்கை இழந்து 1983-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்ற பிறகும் விடவில்லை. 2000-இல்தான் விட்டது. வர்ஜீனியாவில் வெள்ளை ஆணும் கறுப்புப் பெண்ணும் மணந்த வழக்கில், கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், அவை கலக்கக் கூடாது என்பதே அவர் எண்ணம் என்று 1965-இல் நீதிபதி லியோன் பசீல் எழுதினார். ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. 1967-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது.

தென்னாப்பிரிக்காவில் இந்த 'எல்லை' வாதம் ஒரு முழு இறையியலாக வளர்ந்தது. 1944-இல், நிறவெறி ஆட்சி வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தோதியுஸ் என்ற புனைபெயரில் எழுதிய கவிஞரும் இறையியலாளருமான டூ டாய்ட், புளூம்ஃபோன்டைனில் நடந்த மாநாட்டில் கடவுளைப் 'பிரிக்கிறவர்' என்று வருணித்தார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் வெளிச்சத்தையும் இருளையும் பிரித்தார், பாபேல் கோபுரத்தில் மொழிகளைப் பிரித்தார், ஆகவே இனங்களைச் சேர்ப்பது அவர் வேலையைக் கெடுப்பது என்று வாதம் போயிற்று. இதில் சாபமே இல்லை, யாரையும் இழிவாகப் பேசவும் இல்லை. அதனாலேயே மறுப்பது கடினமாக இருந்தது. உண்மையில் பாபேலில் பிரிந்தது மொழி, நிறம் அல்ல. ஆளும் வெள்ளையரின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியையே தாய்மொழியாகப் பேசிய லட்சக்கணக்கான கலப்பினத்தவர் அதே நாட்டில் இருந்தார்கள். பாபேல் கணக்கில் அவர்கள் வெள்ளையரோடு ஒரே கூட்டம். அந்தக் கலப்பினத்தவரின் சபையே 1982-இல், நிறப்பிரிவினையை மறுக்கும் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்தது. அதே ஆண்டு ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறியை இறையியல் வாதங்களால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது.

மொழிபெயர்ப்பிலும் ஒரு சின்ன வேலை நடந்திருக்கிறது. உன்னதப்பாட்டு 1:5-இல் காதலி தன்னைப் பற்றிச் சொல்லும் இடம். எபிரேயத்தில் இருப்பது ஓர் இணைப்பெழுத்து, அதற்குப் பெரும்பாலும் 'உம்' என்றே பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'கறுப்பும் அழகும்' என்றே போட்டது. லத்தீன் மொழிபெயர்ப்பு அதை 'ஆனால்' ஆக்கியது. தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் மொழிபெயர்ப்பிலும் 'கறுப்பாயிருந்தாலும்' அழகாயிருக்கிறேன் என்றே இருக்கிறது. அந்த 'ஆலும்' மூலத்தில் கட்டாயம் இல்லை. நம் வீட்டுப் பெண்பார்க்கும் பேச்சில் 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்பதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

நிறம் பைபிளில் நேரடியாகவே பேசப்படும் இடங்களை இந்த வாதக்காரர்கள் தொடுவதில்லை. எண்ணாகமம் 12-இல் மோசே கூஷ் தேசத்துப் பெண்ணை மணந்ததற்காக அவர் சகோதரி மீரியாம் முறுமுறுக்கிறாள். கடவுள் கோபிப்பது மோசேமேல் அல்ல, மீரியாம்மேல். அவள் தோல் குஷ்டத்தால் உறைபனியைப் போல வெளுத்துப்போகிறது.

சாபம் தலைகீழான கதை

காம் கதையின் மிகக் கொடிய பயன்பாடு, சாபத்தை எடுத்துவிட்ட பிறகு வந்தது. 1798-இல் நெப்போலியன் எகிப்துக்குப் போனான். உடன் போன அறிஞர்கள் திரும்பி வந்து வெளியிட்டவற்றைப் பார்த்து ஐரோப்பா அசந்துபோயிற்று. இத்தனை பழைய, இத்தனை பெரிய நாகரிகம் ஆப்பிரிக்க மண்ணில். பட்டியல்படி எகிப்து காமின் பிள்ளை. காம் சபிக்கப்பட்ட கறுப்பன் என்றால் பிரமிடுகளைக் கட்டியவன் சபிக்கப்பட்ட கறுப்பன். அது ஒப்பவில்லை. அப்போதுதான், சிவால் நூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்துக் காட்டிய அதே உண்மை திடீரென்று எல்லோர் கண்ணுக்கும் பட்டது: சபிக்கப்பட்டவன் கானான் மட்டுமே. ஆகவே மிஸ்ராயீம் சபிக்கப்படவில்லை, ஆகவே எகிப்தியர் வெள்ளையினத்தின் ஒரு கிளை. சரியான வாசிப்பு, பழைய வெறுப்பைக் காப்பாற்றவே பயன்பட்டது. காமின் ஆங்கில வடிவமான 'ஹாம்' என்பதிலிருந்து 'ஹாமிட்டுகள்' என்ற ஓர் இனம் இப்படிப் பிறந்தது. ஆப்பிரிக்காவில் எங்கே ஓர் அரசு, ஓர் உலோகத் தொழில், ஒரு பெரிய கட்டடம் தென்பட்டாலும், வடக்கிலிருந்து வந்த ஹாமிட்டுகள் கொண்டு வந்தது என்று சொல்லிவிடலாம்.

நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய், 1858-இல் ஒரு பெரிய ஏரியை அடைந்து அதற்குத் தன் ராணியின் பெயரை வைத்தவர் ஜான் ஹானிங் ஸ்பீக். 1863-இல் வெளியான பயண நூலில், அந்த ஏரியைச் சுற்றியுள்ள அரசுகளை ஆண்டவர்கள் எத்தியோப்பியப் பக்கமிருந்து வந்த உயர்ந்த இனத்தார் என்று எழுதினார். ஆதாரம்? உயரம், மூக்கு, கால்நடை வளர்ப்பு, அப்புறம் நோவாவின் மகன்களின் பட்டியல். ருவாண்டாவைப் பிடித்த பெல்ஜியர்கள் இந்தச் சட்டகத்தை அப்படியே நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே மொழி பேசி, ஒரே மலையில் வாழ்ந்து, ஒருவரோடொருவர் கலந்து மணந்தவர்களை டூட்ஸி, ஹூட்டு, ட்வா என்று 1930-களில் அடையாள அட்டையில் எழுதினார்கள். டூட்ஸி 'ஹாமிட்டுகள்' ஆனார்கள், பள்ளிக்கூடமும் பதவியும் அவர்களுக்கே முதலில். அட்டையில் எழுதியது பிள்ளைக்கும் போயிற்று.

உயர்ந்தவர்கள் என்று காட்ட வந்த 'வெளியிலிருந்து வந்தவர்கள்' என்ற பட்டம், அரசியல் திரும்பி ஹூட்டுகள் ஆட்சிக்கு வந்தபோது 'அந்நியர்கள்' என்ற பட்டமாக மாறியது. கதையில் ஒரு சொல்கூட மாறத் தேவையில்லை. 1992 நவம்பர் 22 அன்று ஆளுங்கட்சி அரசியல்வாதி லியோன் முகெசேரா கபாயா என்ற ஊரில் பேசியபோது, டூட்ஸிகளின் வீடு எத்தியோப்பியா, நியாபரோங்கோ ஆற்று வழியாக அவர்களைச் சீக்கிரம் அங்கே அனுப்பி வைப்போம் என்றார். 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை சுமார் நூறு நாட்களில், பெரும்பாலும் டூட்ஸிகளான 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பீடு. உடல்கள் நியாபரோங்கோவில் வீசப்பட்டன. அந்த ஆறு அககேராவில் கலக்கிறது. அககேரா, ஸ்பீக் பெயர் வைத்த விக்டோரியா ஏரியில் சேர்கிறது. அந்த ஆண்டு மே மாதத்தில் உகாண்டா கரை மீனவர்கள் ஏரியிலிருந்து உடல்களை இழுத்துக் கரையில் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.